தங்கவேலு வண்டியில் ஒரு சத்தம்

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் போய் தங்கவேலு என்று கேட்டால் நாலைந்து பேர் எட்டிப் பார்ப்பார்கள். வண்டியை இறக்கின தங்கவேலு என்று கேட்டால் ஒருத்தன்தான். சரக்கு ஏற்றிப் பிழைக்கிற பிக்கப் வண்டியை எவனாவது தரையோடு தரையாக இறக்குவானா? மெட்ராஸில் வண்டி வைத்திருக்கிறவன் அத்தனை பேரும் பின்னால் சுமை தாங்குகிற இரும்புப் பட்டையைக் கூட்டிக் கட்டி, இன்னும் இரண்டு மூட்டை போடலாமா என்றுதான் பார்ப்பான். இவன் மட்டும் சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையில் போய் நின்று, இறக்கிக் கொடு என்று கேட்டான். டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காரணம் தெரிந்தவர்களும் சேர்ந்துகொண்டு சிரித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தங்கவேலு பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டின ஒரு சந்தில். அப்பா கைவண்டி இழுத்தவர். இவன் மீசை முளைக்கும் முன்பே மீன்பாடி வண்டி மிதித்தான். அப்புறம் லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். சொந்தமாக ஒரு வண்டி என்று வாங்கும்போது காதோரம் நரைத்துவிட்டது. அதுவும் இன்னொருத்தன் ஓட்டித் தள்ளின பழைய வண்டி. ஆனால் அதை அவன் வைத்திருந்த அழகு இருக்கிறதே, புது வண்டிக்காரன் தோற்றான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு எந்த இடத்தில் நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். லஸ் முனையில் நின்றுகொண்டு, போகிற பஸ்ஸைக் காட்டி, "பின் சக்கரத்துல பேரிங் போச்சுபா, அடையாறு தாண்டாது" என்பான். தாண்டாது. காது விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

பெண்டாட்டி பேர் அமுலு, பொன்னேரிப் பக்கம். கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்கவில்லை. அவள் போகாத கோயில் இல்லை. சாந்தோம் மாதாவுக்கு மெழுகுவத்தி, தர்காவில் மந்திரித்த கயிறு, கபாலீசுவரர் கோயிலில் தொட்டில் என்று எந்த சாமியையும் அவள் விடவில்லை. கடைசியில் பிறந்தாள் கீர்த்தி. வண்டி வந்ததும் அதே வருஷம்தான். வண்டியின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் அவள் பேரை எழுதினான். ஒரு பக்கம் ரோஜாப்பூ, ஒரு பக்கம் மயில். பெயிண்டர் போதும் போதும் என்று கெஞ்சியும் விடவில்லை.

கீர்த்தி நடக்க ஆரம்பித்ததும் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் அவளுக்கு ஒரு கீச்சுச் செருப்பு வாங்கினான். குதிகாலில் ஊதல் வைத்த ரப்பர் செருப்பு. ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்று கத்தும். மற்றவர்கள் விளையாட்டுக்கு வாங்குவார்கள், இவன் வாங்கினது பயத்துக்கு. ஹவுசிங் போர்டு முற்றத்தில் ஆட்டோ, மீன்பாடி, ஸ்கூட்டர் என்று எந்நேரமும் ஏதாவது வந்து போய்க்கொண்டே இருக்கும். "சத்தம் வந்துகினே இருந்தா கொயந்த எங்க கீதுன்னு தெரியும்ல" என்றான். கால் வளர்ந்து அந்த ஜோடி பற்றாமல் போனதும் அதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கி வந்தான். எதிர்வீட்டு அன்வரி பேகம், "யா அல்லா, மறுபடியுமா!" என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மாசி மாதம், ஒரு காலை. தி.நகர் பாத்திரக் கடைக்கு லோடு. வண்டியை முற்றத்திலிருந்து பின்னால் எடுத்தான். தினமும் எடுக்கிறதுதான். இரண்டு கண்ணாடியிலும் பார்த்தான், யாரும் இல்லை. நைனாவுக்கு டாட்டா சொல்லக் கீர்த்தி ஓடி வந்திருக்கிறாள். வண்டிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். தங்கவேலு அழவில்லை. அவன் மனசுக்குள் ஒரே ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. அந்தச் செருப்பு கத்தியிருக்குமே! மாடிப்படி இறங்கி முற்றம் முழுக்கக் கத்திக்கொண்டே வந்திருப்பாளே! ரோட்டில் போகிற பஸ்ஸின் பேரிங் கேட்கிற காதுக்கு, பெற்ற பெண்ணின் காலடி கேட்கவில்லையே! இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி பகல் என்று இல்லாமல் தன் காதைத் தானே பிடித்துக் கிள்ளிக்கொள்வான். காது மடல் புண்ணாகிப் போயிருந்தது.

வண்டியை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. அவன் கேட்கவில்லை. வேறு பிழைப்பு தெரியாது என்பது ஒன்று. இன்னொருத்தன் கையில் கொடுத்து அவன் இன்னொரு குழந்தையை ஏற்றிவிட்டால் என்கிற நடுக்கம் இன்னொன்று. அதற்குப் பிறகு வண்டியை முற்றத்துக்குள் கொண்டுவரவே இல்லை. கடற்கரையை ஒட்டின ரோட்டில் நிறுத்துவான். எங்கே பின்னால் எடுக்க வேண்டி வந்தாலும் இறங்கிப் போய்ப் பார்த்து, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்து, ஏறுவான். ஏறினதும் சந்தேகம் வந்து மறுபடி இறங்குவான். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஆரன் அடித்துத் திட்டுவார்கள். திட்டட்டும் என்று விட்டுவிடுவான்.

சித்திரையில் தாவூத் பாய் பட்டறைக்குப் போனான். சிந்தாதிரிப்பேட்டையில் பட்டை வேலைக்கு அவர்தான். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பின் அச்சோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், வண்டியின் சுமையெல்லாம் அது மேல்தான் நிற்கும். அந்தப் பட்டைகளைக் காய்ச்சித் தட்டுவதிலேயே பாய்க்கு முக்கால் ஆயுசு போய்விட்டது.

"இறக்கணும் பாய். எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

பாய் சிரித்தார். "இன்னா நைனா, தண்ணி கிண்ணி போட்டுக்கினு வந்தியா? லோடு வண்டிய எவனாச்சும் இறக்குவானா?"

"உசரமா கீது பாய். பின்னால நிக்கிற கொயந்த தெரியல."

பாய்க்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. செய்தி அவர் காதுக்கும் வந்திருந்தது, ஆனால் அந்த ஆள் இவன்தான் என்று தெரியாது. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். இரண்டு பட்டையைக் கழற்றினார், மற்றதன் வளைவைத் தட்டி நேராக்கினார், முன்பக்கமும் அதற்குத் தகுந்தாற்போல் இறக்கினார். வண்டி நாலு விரற்கடை தாழ்ந்தது. நாலு விரற்கடை இறக்கினால் பின்னால் நிற்கிற குழந்தை தெரிந்துவிடுமா? தெரியாது. பாய்க்கும் தெரியும், தங்கவேலுவுக்கும் தெரியும். ஆனாலும் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ஒருத்தன் நின்றால் முடியாது என்று எப்படிச் சொல்வது?

தி.நகர் பாத்திரக் கடை முதலாளி நல்லசிவம் திருநெல்வேலிக்காரர். அவர் வண்டியைப் பார்த்ததும், "என்ன தங்கவேலு, வண்டி தரையைத் தொட்டுக்கிட்டுல்லா வருது" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கொஞ்சமா ஏத்துங்கடே" என்று கடை ஆட்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு வண்டி வைத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரமாகும்? வைக்கவில்லை. அந்த மனுஷனுக்கு அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

அன்றைக்குத்தான் முதல் தடவை அந்தச் சத்தம் வந்தது. அண்டா, குடம், தவலை என்று ஏற்றிக்கொண்டு லஸ்ஸைத் தாண்டினான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கும்போது, பாத்திரங்களின் கலகல சத்தத்துக்கு அடியில், மெல்லிசாக ஒரு கீச்.

தங்கவேலு சட்டென்று பிரேக்கை மிதித்தான். ஓரமாக நிறுத்தினான். இறங்கி ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் பார்த்தான், அடியில் பார்த்தான். ஒன்றும் இல்லை. ரோட்டில் போகிற ஒரு அம்மாள், "என்னப்பா தேடறே?" என்று கேட்டாள். என்னவென்று சொல்வான்?

பின்னால் உட்கார்ந்து வந்த கடை ஆளிடம், "எதுனா சத்தம் கேட்டுதா?" என்றான். அவன், "அண்ணே, இத்தனை பாத்திரத்துக்கு நடுவுல எனக்கு என் பேச்சே கேக்கல" என்றான்.

அதற்கப்புறம் அது தினசரி ஆயிற்று. பள்ளம் வந்தால் கீச். மேடு வந்தால் கீச். வண்டி காலியாக இருந்தால் சத்தமே இல்லை. லோடு இருந்தால்தான் வரும், லோடோ எந்நேரமும் கலகலக்கிற பாத்திரம். அதனால் வேறு எந்தக் காதிலும் அது விழவே இல்லை. இவன் காதில் மட்டும் தப்பாமல் விழுந்தது. அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று அவனுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் பயம். செத்துப்போன குழந்தையின் செருப்புச் சத்தம் ஒருத்தனுக்கு மட்டும் கேட்கிறது என்றால் அவனை என்ன சொல்வார்கள்? கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்பார்கள். பட்டை உரசுகிற சத்தமாக இருக்கட்டும், துருப்பிடித்த புஷ்ஷாக இருக்கட்டும், எந்த இழவாகவாவது இருக்கட்டும், வண்டியின் சத்தமாக மட்டும் இருந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டான்.

தாவூத் பாய் தன்னால் ஆனதையெல்லாம் பார்த்தார். பட்டை சுழல்கிற ஆணிகளுக்கு கிரீஸ் அடித்தார். ரப்பர் புஷ்ஷை மாற்றினார். பட்டைக்குப் பட்டை நடுவில் பழைய டியூப்பை வெட்டிச் சொருகினார். பட்டை உரசினால் தண்ணீர் ஊற்றினதும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், அது பட்டறைக்காரர்களின் கணக்கு. பக்கெட் பக்கெட்டாக ஊற்றி அனுப்பினார். அடங்கவில்லை. வண்டியின் பின்னால் ஏறி நின்று, அந்த வயசில், தொப்பை குலுங்கக் குதித்துப் பார்த்தார். வண்டி வாயே திறக்கவில்லை. லோடோடு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் வந்தார். "எனுக்கு அண்டா சத்தம்தான் கேக்குது நைனா" என்றார் பரிதாபமாக.

அடிப்பாகம் முழுவதையும் கெரசின் போட்டுத் துடைத்துவிட்டார், ஒரே ஒரு இடம் தவிர. பிரேம் இரும்பில், அச்சுக்கு நேர் மேலே, கறுப்புத் துணியில் ஒரு முடிச்சு கட்டியிருந்தது. போன ஆயுத பூஜைக்கு அமுலு கட்டின திருஷ்டிக் கட்டு. கட்டில்லாத லோடு வண்டி மெட்ராஸில் ஏது? ஒருத்தர் படிகாரம் வைப்பார், ஒருத்தர் பழைய செருப்பு வைப்பார், ஒருத்தர் வெறும் மிளகாயும் எலுமிச்சம்பழமும். வீட்டுப் பெண்பிள்ளை கட்டினதை அடுத்த ஆயுத பூஜைக்கு அவளே அவிழ்க்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட மாட்டார்கள். பாய் துணியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாரே தவிர அதன் மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். "நான் அவுத்து, நாளைக்கு உனுக்கு இன்னாவாச்சும் ஆச்சுன்னா?" என்றார். இனிமேல் ஆவதற்கு அவனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது. ஆனால் தங்கவேலுவும் தொடவில்லை. மனுஷர்கள் அப்படித்தான்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். அமுலு பேசுவதில்லை. சோறு வடிப்பாள், தட்டில் போட்டு வைப்பாள், மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். நீதான் கொன்றாய் என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட அவள் காலில் விழுந்து கதறியிருப்பான். அதையும் அவள் சொல்லவில்லை. அவன் உள்ளே நுழைந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். என் மூஞ்சியில் முழிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அன்வரி பேகம்தான் நடுவில் கிடந்து அல்லாடினாள். "அமுலு, அண்ணன் துன்னாரா கேளு", "அண்ணே, அமுலுக்குக் காய்ச்சல், மாத்திரை வாங்கியா" என்று இரண்டு பக்கமும் அவள் வாயால்தான் குடித்தனம் ஓடியது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் பொன்னேரியிலிருந்து அமுலுவின் அண்ணன் வந்தார். தங்கச்சி எலும்பும் தோலுமாக இருக்கிறாள், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார். அது எவ்வளவு நாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். மறுநாள் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் தங்கவேலு வாயைத் திறந்தான். அமுலு முன்னால் போய்க் குந்தினான்.

"வண்டில ஒரு சத்தம் வருதுமே. பாய்க்குக் கேக்கல. முதலாளி ஆளுங்களுக்குக் கேக்கல. எனுக்கு மட்டும் கேக்குது."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"சத்தம் போடாத லோடா ஏத்திக்கினு, பின்னால ஒரு ஆளு குந்திக்கினு கேட்டாதான் தெரியும்னு பாய் சொல்றாரு. அன்னிக்கு வண்டில குதிச்சதுல அவுருக்கு முட்டி புடிச்சுக்கிச்சு, குந்த முடியாது. நீ ஒரு தபா வந்து கேளு. உனுக்கும் கேட்டா எனுக்குப் பைத்தியம் இல்ல. கேக்கலன்னா..." காது மடலைக் கிள்ளிக்கொண்டான். "கேக்கலன்னா நீ உங்கண்ணன் வூட்டுக்குப் போயிடு. நான் தடுக்க மாட்டேன். பைத்தியக்காரங்கூட நீ இன்னாத்துக்குக் கீணும்?"

அந்த வண்டியைக் கீர்த்தி போன நாளுக்கு அப்புறம் அவள் கண்ணால் பார்க்கவில்லை. அது நிற்கிற ரோட்டுப் பக்கமே போவதில்லை, மீன் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவள் எழுந்து, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, செருப்பு மாட்டினாள். அன்வரி பேகம் வாசலில் நின்று பார்த்தபடி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாய் சொன்னபடி கோணி மூட்டைகளில் கடற்கரை மணலை நிரப்பி அவன் காலையிலேயே ஏற்றி வைத்திருந்தான். மணல் கலகலக்காது. அமுலு வண்டியின் நெற்றியைப் பார்க்காமல் பின்னால் போய் ஏறினாள். வண்டி தாழ்வாக இருந்ததால் சிரமமில்லாமல் ஏற முடிந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கவேலு இறங்கிப் போய் வண்டிக்குப் பின்னாலும் அடியிலும் பார்த்துவிட்டு வந்து ஏறினான். மறுபடி இறங்கிப் பார்த்தான். அவன் குனிந்து குனிந்து பார்ப்பதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அடையாறு போகிற வழி. மத்தியான வெயில், ரோட்டில் கூட்டம் இல்லை. வேகத்தடை வந்தது. தங்கவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏற்றி இறக்கினான்.

கீச்.

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான், அவளுக்குக் கேட்கவில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம். மறுபடி கீச். உடனே தலைக்கு மேலே தகரத்தில் படபடவென்று கை அடிக்கிற சத்தம். "நிறுத்துயா! நிறுத்து! நிறுத்து!"

ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஓரங்கட்டினான். அவன் இறங்குவதற்குள் அவள் குதித்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"நெசமா கேட்டுதாமே? எனுக்காகச் சொல்லாத."

"கேட்டுதுயா! உனுக்கு ஒண்ணும் இல்ல. கேட்டுது!"

தங்கவேலு அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்ததும் ஒரு மனுஷனுக்கு இத்தனை அசதி வருமா என்ன! ஆனால் அமுலு நிற்கவில்லை. பின் சக்கரத்தண்டை முழங்கால் போட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். ஆணி அடித்த இடம் தெரிந்தவள் மாதிரி அவள் கை நேரே அந்தக் கறுப்பு முடிச்சுக்குப் போயிற்று. அவிழவில்லை. பிய்த்து இழுத்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, அவள் கவனிக்கவே இல்லை.

துணி மக்கிப் போயிருந்தது. அதற்குள் மழை புகாமல் இருக்கப் பால் கவர் சுற்றியிருந்தாள். கவரைக் கிழித்தாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிவப்பு ரப்பர் செருப்பு. அது அவள் கையில் அழுந்தி, கீச் என்றது.

ஆயுத பூஜையன்றைக்குத் திருஷ்டிக்குப் பழைய செருப்பு எதைக் கட்டலாம் என்று அமுலு தேடியபோது, கீர்த்திதான் தனக்குப் பற்றாமல் போன பழைய ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒன்றை அலை இழுத்துக்கொண்டு போயிருந்தது, மிச்சம் ஒன்றுதான். நைனா வண்டிக்கு என் செருப்பைத்தான் கட்டணும் என்று அடம். அச்சுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி இருந்த காலம் அது. பட்டையைக் கழற்றி வண்டியை இறக்கினதும் அந்த இடைவெளி குறைந்துவிட்டது. லோடு ஏறினால் அச்சு மேலே வந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தச் செருப்பை ஒரு மிதி மிதித்தது. அமுலு வண்டிப் பக்கம் வராததால் அவள் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தால் சித்திரையிலேயே முடிந்திருக்கும்.

தங்கவேலு அதைக் கையில் வாங்கினான். கட்டை விரலால் குதிகாலை ஒரு தரம் அமுக்கினான். கத்தியது. மறுபடி அமுக்கினான். கத்தியது. அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னான்.

"இவ்ளோ சத்தம் போடுதேமே. அன்னிக்கும் இது மாரிதான் கத்திக்கினே வந்திருப்பா. எனுக்குத்தான் காது கேக்கல. பாவி, கேக்காத போயிட்டேன்."

அமுலு அவன் முகத்தைப் பார்த்தாள். அத்தனை மாதத்துக்கு அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லய்யா. அது கத்தல."

"இன்னாமே சொல்ற?"

"அவ கால்ல செருப்பே இல்லய்யா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "விடியக்காலமே தண்ணி லாரிக்குப் போய் அடிச்சுப் புடிச்சுக்கினு வந்தேன். தலைவலி மண்டைய பொளந்துச்சு. இவ சுத்திச் சுத்தி வந்து கீச்சு கீச்சுன்னா. ரெண்டையும் கயட்டி அலமாரி மேல வெச்சிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா கெடடின்னு முதுவுல ஒண்ணு வெச்சேன். வெறுங்காலோட ஓடியாந்துட்டாயா. செருப்பு போட்டிருந்தா உனுக்குக் கேட்டிருக்கும். உன் காதுக்குக் கேக்காம போவுமா? நான்தான்யா... நான்தான் வாயடைச்சு அனுப்பிட்டேன்."

அன்றைக்குக் குழந்தையின் காலைப் பார்க்கிற நினைப்பு அவனுக்கு ஏது? அப்போதுதான் தங்கவேலுவுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் தலை குனிந்தது இவனைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. இவன் முகத்தைப் பார்க்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று குனிந்திருக்கிறாள். ஒரே அறையில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, நான் கொன்றேன் நான் கொன்றேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடவுளே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கக் கூடாதா!

கேட்காத காது என்று அவன் சுமந்துகொண்டிருந்த பாரம் அந்த நிமிஷம் இறங்கியது. இறங்கின பாரம் எங்கே போய் உட்காரும் என்பதையும் அவன் பார்த்தான். அமுலு தரையில் உட்கார்ந்து, பெயர்ந்த நகத்தோடு, மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

தங்கவேலு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்து மண்ணிலிருந்து எடுத்தான்.

"அது இல்லமே," என்றான். "நீ செருப்பு போட்டு வுட்டிருந்தாலும் எனுக்குக் கேட்டிருக்காது. நான் டேப்புல பாட்டு போட்டுக்கினு இருந்தேன். பெருசா வெச்சிருந்தேன்."

அந்த வண்டியில் டேப் கிடையாது. வாங்கின நாளிலிருந்தே கிடையாது. பாட்டு ஓடினால் இன்ஜின் சத்தம் காதில் விழாது என்று அவன் வைக்க விட்டதே இல்லை. கீர்த்தி பாட்டு வேணும் என்று கேட்கும்போதெல்லாம் அமுலுதான் அவளைச் சமாதானப்படுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் பாடுவாள்.

அமுலு அவனுடைய புண்ணான காது மடலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமாயா," என்றாள். "பெருசாத்தான் வெச்சிருந்த. மேல எனுக்கே கேட்டுது."

அப்புறம் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவனும் அழுதான். அடையாறு பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.